தம்பியின் கோபம் நடிப்பா, நோயா?

தம்பி மாதம் ஒருமுறையாவது எதையாவது உடைக்கிறார், அரைமணி நேரத்தில் அழுது மன்னிப்புக் கேட்கிறார், நடிக்கிறாரா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நடிப்பாகத் தெரியவில்லை. திட்டமிட்ட வன்முறையில் ஏதாவது ஆதாயம் இருக்கும்: பணம், மிரட்டல், பழிவாங்கல். ஆளும் பெரும்பாலும் நிதானமாகவே இருப்பார். உந்துதலால் வரும் கோப வெடிப்பு அப்படியல்ல. சட்டென்று எழும், காரணத்துக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குப் பெரிதாகும், பெரும்பாலும் 30 நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

இது திரும்பத் திரும்ப வந்தால் இடைவிட்டு வெடிக்கும் கோபக் கோளாறாக (Intermittent Explosive Disorder) இருக்கலாம். மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 (DSM-5) கணக்கில் அதற்கு, கத்தல், திட்டல், சேதமில்லாத தள்ளுமுள்ளு என்றால் சராசரியாக வாரம் 2 முறை, 3 மாதம். பொருள் உடைந்தாலோ காயம் பட்டாலோ 12 மாதத்தில் 3 முறை. எண்ணிக்கை பொருந்திவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். குடி, தலைக்காயம், இருமுனைக் கோளாறு (மனநிலை உற்சாக உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறும் நோய்) ஆகியவையும் இதே முகத்தோடு வரும். அவற்றை மருத்துவர்தான் விலக்க வேண்டும்.

தேதி, தூண்டிய விஷயம், நீடித்த நேரம், உடைந்த பொருள், குடித்திருந்தாரா என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), சிலருக்கு ஃப்ளூவாக்ஸடின் போன்ற மாத்திரை கைகொடுக்கும்.

கோபம் ஏறும்போது நியாயம் பேசாதீர்கள் (அந்த நேரத்தில் காதில் விழாது), வாசலை மறிக்காதீர்கள். கையில் ஆயுதம் எடுத்தால் வெளியேறி அவசர உதவியை அழையுங்கள்.