அந்த இன்ஜினியரிங் சீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள், அக்கா

போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா மகளோடு வந்திருந்தார். பெண் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்லி சித்தப்பா நெருக்குகிறாராம், இவளோ போட்டோ போட்டோ என்று காசிமேட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறாள், நீங்களாவது புத்தி சொல்லுங்கள் என்று அழுதே விட்டார்.

தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் போனை வாங்கிப் பார்த்தேன். மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு வேஷம் கட்டிய ஒருவர், முகத்துச் சாயம் கலையாமல் டீக்கடை பெஞ்சில் பன் தின்கிறார். எண்ணூர் கழிமுகத்தில் பறிக் கூடையைப் பல்லில் கடித்தபடி கையால் தடவி இறால் பிடிக்கிறார் ஒரு பெண், பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கி. 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியபோது இறகு கறுத்து நின்ற கூழைக்கடா.

அக்கா, சாமியும் கடலும் தன் தெருவுக்குள்ளேயே நடமாடுவதைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை இது. வீட்டை அடகு வைத்து இவளுக்குப் பிடிக்காத படிப்பை வாங்கித் தருவது தப்பு. சித்தப்பா ஊருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் கிடைக்கும், தவணையை நீங்கள்தான் கட்டுவீர்கள்.

இன்ஜினியரிங் பற்றி தெருவுக்கு நாலு பேர் சொல்வார்கள், நான் விடுகிறேன். பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறதே, எத்தனை முறை பஸ்ஸில் தாண்டிப் போயிருப்பீர்கள்? 1850ல் தொடங்கியது. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். நான்கு வருட பி.எஃப்.ஏ., அதாவது கவின் கலையில் இளங்கலைப் பட்டம், அதில் படங்களால் சேதி சொல்லக் கற்றுத்தரும் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் பிரிவு இவளுக்குப் பொருந்தும். அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். வரைந்து காட்டும் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள், அதனால் இன்றைக்கே பென்சிலைக் கையில் கொடுங்கள். ஒரு மண்பானையில் நிழல் எங்கே தொடங்குகிறது என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த கண்ணுக்கு வெளிச்சம் தானாகப் பிடிபடும். மெட்ரோ ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து நடந்தே போய்விடலாம், ஹாஸ்டல் செலவும் இல்லை. பின்னால் மேலே படிக்க ஆசைப்பட்டால் குஜராத் காந்திநகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) ஒளிப்படத்துக்கென்றே எம்.டெஸ். என்ற முதுகலைப் படிப்பு இருக்கிறது.

மாதச் சம்பளம் உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துத்தான் ஆக வேண்டும். கடன் வாங்கி கேமரா மட்டும் வேண்டவே வேண்டாம், முதல் வருடம் இந்த போனே போதும்.

சித்தப்பாவிடம் என் நம்பரைக் கொடுங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.