3000 ரூபாய்க்குள் வீட்டுக்கு எந்தக் காபி மேக்கர் வாங்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீட்டில் நாலு பேர், ஆளுக்கு இரண்டு வேளை காபி, பட்ஜெட் 3000 ரூபாய். திருப்பூரிலிருந்து கேரளத்து வயநாட்டில் இருக்கும் சுல்தான் பத்தேரிக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். காலை ஏழரைக்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும், ஆனால் ஃபில்டர் காபி ருசி போய்விடக் கூடாது. எந்த மெஷின் காசுக்குத் தகும்?

நானும் உங்கள் பக்கத்து ஊர்தான். நீலகிரி மாவட்டம், பந்தலூர் தாலுகா, எருமாடு பக்கம். எல்லை தாண்டினால் வயநாடு. வீட்டுச் சாமான் வாங்க நாங்களும் பத்தேரிக்குத்தான் வருவோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரொபஸ்டா காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகும் இருக்கிறது. கல்யாணமாகி வந்த இந்தப் பதினோரு வருஷத்தில் எங்கள் அடுப்படியில் நாலு விதமான காபிச் சாதனங்கள் இருந்திருக்கின்றன. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிய ஸ்டீல் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். 600, 700 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மிச்சப் பணத்தைத் தூளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

எல்லோரும் மெஷினை முதலில் முடிவு செய்துவிட்டு, வழக்கமாகக் குடிக்கும் தூளையே அதில் போடுகிறார்கள். காசு வீணாவது அங்கேதான். நாம் வாங்கும் ஃபில்டர் காபித் தூளில் சிக்கரி இருக்கும். சிக்கரி காபிக்கொட்டையே இல்லை, வேறொரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. வெந்நீர் பட்டதும் ஊறி உப்பி, கொழகொழவென்று ஆகி, தண்ணீரைச் சீக்கிரம் இறங்கவிடாமல் பிடித்து வைக்கும். நம் ஃபில்டருக்கு அது நல்லது. தண்ணீர் மெதுவாக இறங்குவதால்தான் டிகாக்‌ஷன் கெட்டியாக வருகிறது. ஆனால் அதே தூளைப் பேப்பர் ஃபில்டர் வைத்த எலக்ட்ரிக் மெஷினில் போட்டால் நிலைமை வேறு.

எங்களுக்கு என் அண்ணன் ஒரு எலக்ட்ரிக் டிரிப் காபி மேக்கர் வாங்கித் தந்தார். வெந்நீர் மேலிருந்து தூளில் சொட்டி, காபியாகக் கீழே இறங்கும் மெஷின் அது. முதல் நாளே 60:40 தூளை, அதாவது காபி 60, சிக்கரி 40 கலந்ததைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். அஞ்சு நிமிஷத்தில் தூள் போடும் கூடையிலிருந்து தண்ணீர் பொங்கி, தூளோடு சேர்ந்து மேடை முழுக்க வழிந்தது. மெஷினில்தான் கோளாறு என்று கடைக்கே தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் வெறும் தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டினார், அருமையாக ஓடியது. பழுது மெஷினில் இல்லை. மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்க, ஊறிய சிக்கரி அதைக் கீழே விடவில்லை. அப்புறம் 90:10 தூளைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து வாங்கிப் போட்டேன், ஒழுங்காக இறங்கியது. ஆனால் பால் சேர்த்தால் வீட்டில் எல்லோருக்கும் பழகிய அந்தக் கனம் வரவில்லை.

ஆகவே உங்கள் தூள் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். கலப்புத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது 49 வரைக்கும் சிக்கரி இருக்கலாம். சிக்கரி 20க்கு மேல் இருந்தால் ஃபில்டரைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

இங்கே வந்தபிறகு இன்னொரு வசதியும் உங்களுக்கு இருக்கிறது. வயநாட்டிலும் எங்கள் பக்கமும் விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா. வயநாடு ரொபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காபியின் இன்னொரு வகையான அரபிகாவைவிட ரொபஸ்டாவில் காஃபின் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, கசப்பும் கனமும் அதிகம், பால் ஊற்றினாலும் காணாமல் போகாது. வாசனைக்கு அரபிகா, கனத்துக்கு ரொபஸ்டா என்று பாதிக்குப் பாதி கலந்து அரைத்தால், கெட்டியாக வருவதற்காக 40 சதவீதம் சிக்கரி போட வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் வீட்டில் இப்போது 85:15தான். காபிக்குப் பணம் கொடுத்து வேரைக் குடிப்பதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. அந்தக் கொட்டைக்காக ஒரு வருஷம் முழுக்கப் பாடுபடுவதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். மாசி, பங்குனியில் காப்பிச் செடி பூக்க வேண்டிய பூ மழை பெய்யுமா என்று வானத்தைப் பார்ப்பது, மார்கழி, தை மாதங்களில் பழம் பறிப்பது, முற்றத்தில் வாரக்கணக்கில் காயவைத்து, மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளுவது எல்லாம் அதற்குள் இருக்கிறது.

அடுத்தது கரண்ட். திருப்பூரில் இதை நீங்கள் பெரிதாக யோசித்திருக்க மாட்டீர்கள். இங்கே ஜூன் பிறந்தால் மரம் முறிந்து லைனில் விழுவது சாதாரணம். எங்கள் பக்கம் இரண்டு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருந்ததுண்டு. டவுனில் அவ்வளவு மோசமாக இருக்காது, ஆனாலும் மழைக்காலக் காலை நேரத்தை நம்ப முடியாது. டிரிப் மெஷின் 600 வாட்டுக்கு மேல் இழுக்கும், வீட்டுச் சின்ன இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. வோல்டேஜ் இறங்கினால் சூடேற்றும் கம்பி சூடாக நேரமாகி, காபி மெதுவாகத்தான் இறங்கும். கரண்ட் பில்லை நினைத்துத் தயங்க வேண்டாம், கால் மணி நேரத்துக்குக் கால் யூனிட் கூட ஆகாது. ஏழு மணிக்குக் கரண்ட் இருக்குமா என்பதுதான் கேள்வி.

எஸ்பிரஸ்ஸோ மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4800 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய முதல் சாதனம் அதுதான். நீராவி அழுத்தத்தில் ஓடும் சின்ன மெஷின். எட்டாவது மாதம் ரப்பர் வளையம் தேய்ந்து ஓரத்தில் கசிந்தது. சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூரில். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கிப் போய், பாகம் ஸ்டாக் இல்லை என்று கேட்டுத் திரும்பி வந்தோம். அன்றிலிருந்து எந்த மெஷினாக இருந்தாலும் தேய்கிற பாகம் எது, அது பக்கத்தில் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்குவதில்லை. ஒழுங்கான எஸ்பிரஸ்ஸோவுக்கு 9 பார் அழுத்தம் வேண்டும். நீராவி மெஷின் அதில் பாதியைக்கூடத் தொடாது. பம்பு வைத்த மெஷின்களின் பெட்டியில் 15 பார், 20 பார் என்று போட்டிருப்பது அந்தப் பம்பு அதிகபட்சம் தரக்கூடிய அழுத்தம். அதோடு சீராக, நைசாக அரைக்கும் கிரைண்டரும் வேண்டும். 3000க்குள் இது நடக்காது, விட்டுவிடுங்கள்.

ஒரு காபிக்கான தூளை அடைத்த சின்ன டப்பாவை, அதாவது கேப்ஸ்யூலைப் போட்டு ஓட்டும் கேப்ஸ்யூல் மெஷின் கணக்கு இன்னும் எளிது. ஒரு கேப்ஸ்யூல் 40 ரூபாய் என்றே வையுங்கள். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எட்டுக் காபி, 320 ரூபாய். கிலோ 700 ரூபாய்த் தூளில், காபிக்கு 7 கிராம் போட்டால் ஒன்றுக்கு அஞ்சு ரூபாய்கூட ஆகாது, எட்டுக்கும் சேர்த்து 40 ரூபாய். மெஷினைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

மோக்கா பாட் மட்டும் எனக்கு உண்மையாகவே பிடித்தது. 1933இல் இத்தாலியில் பியாலெட்டி கொண்டுவந்த அடுப்புச் சாதனம். கீழ்ப் பாத்திரத்துத் தண்ணீர் சூடேற, ஆவி அந்தத் தண்ணீரைத் தூள் வழியாக மேலே தள்ளும். கரண்ட் வேண்டாம், அஞ்சாறு நிமிஷத்தில் திடமான கறுப்புக் காபி. 6 கப் என்று போட்டிருந்தால் சின்ன இத்தாலிக் கப். மொத்தம் 300 மில்லிக்குள்தான் வரும். பால் காபி குடிக்கும் நாலு பேருக்கு அது போதும். 1500 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. தண்ணீரை வால்வுக்குக் கீழேயே நிறுத்த வேண்டும், தூளை அமுக்கக் கூடாது, தீ சின்னதாக இருக்க வேண்டும், களகள சத்தம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். அலுமினியத்தில் செய்தது இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது. நம் கேஸ் அடுப்பின் கம்பிகள் அகலமாக இருந்தால் அது சாயும், மேலே ஒரு சின்னத் தாங்கி வைக்க வேண்டும். ஆனால் இதிலும் சிக்கரித் தூள் கூடாது, அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். எங்கள் வீட்டில் மழைக்காலச் சாயங்காலங்களில் இதுதான். பக்கத்து வீட்டுச் சேச்சி வந்தால் இதிலேயே கொஞ்சம் வெந்நீரும் வெல்லமும் சேர்த்துக் பால் இல்லாத கட்டன் காப்பியாகக் கொடுத்துவிடுவேன், விரும்பிக் குடிப்பார்.

தூளை வெந்நீரில் ஊறவைத்து, வலைத் தட்டை அழுத்தி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ் பால் காபிக்குத் திடம் பற்றாது. அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

இனி ஃபில்டர். காலையில் அவசரம் என்கிறீர்கள். ஃபில்டர் மெதுவானது என்று எல்லோரும் பயப்படுவது அதைக் காலையில் போடுவதால்தான். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் டிகாக்‌ஷன் தயாராக இருக்கும், பால் காய்ச்சும் நேரம்தான் உங்களுக்கு ஆகும். எந்த மெஷினும் இதைவிட வேகமில்லை. மலைக் குளிரில் ஒரு ராத்திரிக்கு அது கெடுவதும் இல்லை.

போடும் விதத்தில் என் மாமியார் கண்டிப்பானவர். நான் வந்த புதிதில் தூளைக் கரண்டியால் அழுத்தி நிரப்பினேன். பார்த்துவிட்டு, “தூளை அமுக்காதம்மா, அது மூச்சு விடணும்,” என்றார். விஷயம் அவ்வளவுதான். ஒரு வேளைக்கு நாலு காபி என்றால் நாலு ஸ்பூன் குவியலாக, ஏறக்குறைய 30 கிராம். லேசாகத் தட்டிச் சமப்படுத்தி, மேலே குடையை, அதாவது ஃபில்டரோடு வரும் பிடி வைத்த துளைத் தட்டை, அழுத்தாமல் வையுங்கள். முதலில் தூள் நனைகிற அளவுக்கு மட்டும் வெந்நீர் விட்டு அரை நிமிஷம் பொறுங்கள். தூள் ஊறி உப்பும். அப்புறம் மீதி 200 மில்லியை வட்டமாக ஊற்றி மூடுங்கள். காபிக்கு 90 முதல் 96 டிகிரி வரை சூடு ஏற்றது என்பார்கள். நம் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 97 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். அதனால் தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம், கொதித்ததும் அடுப்பை அணைத்து ஊற்றினால் சரியாக இருக்கும். காலையில் டிகாக்‌ஷனை நேராக அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள், கசந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு நிமிஷம் வையுங்கள், இல்லையென்றால் பாலைப் பொங்கப் பொங்க ஊற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, “இல்லை, ராத்திரி போட மறந்துவிடுவோம், ஸ்விட்ச் போட்டால்தான் நடக்கும்” என்றால் டிரிப் மெஷினே வாங்குங்கள், தவறில்லை. நிரந்தர வலை வைத்ததாகப் பாருங்கள், பேப்பர் செலவு மிச்சம். 600, 700 வாட், சின்ன அளவு. பெரிய மெஷினில் கொஞ்சமாகப் போட்டால் காபி நீர்த்துவிடும். சிக்கரி 10க்குள், கொஞ்சம் கொரகொரப்பான அரைப்பு, கப் கோடு எதைக் காட்டினாலும் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். இறங்கியதும் சூட்டுத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், அரை மணி நேரம் அங்கேயே இருந்தால் கருகிய வாடை வரும். அடுப்படியில் ஃபில்டர் ஒன்றும் இருக்கட்டும், ஜூலை மாதத்துக்கு.

ஃபில்டர் வாங்கும்போது கடையிலேயே திறந்து பாருங்கள். மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளைகள் ஒரே அளவில், நுண்ணியதாக, எங்கும் அடைபடாமல் தெரிய வேண்டும். துளை பெரிதாக இருந்தால் தூளும் சேர்ந்து இறங்கும். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் ஆடாமல் உட்கார வேண்டும், ஆனால் சிக்கிக்கொள்ளவும் கூடாது. தண்ணீர் இறங்கக் கீழிருக்கும் காற்று வெளியே போக வேண்டும். அளவு ஆறு கப். பித்தளை அழகுதான், சூடும் நிற்கும், ஆனால் விலை மூன்று நாலு மடங்கு, புளி போட்டுத் தேய்க்கவும் நேரம் வேண்டும். காலை ஏழரைக்குக் கிளம்பும் வீட்டுக்கு ஸ்டீலே போதும். சில மாதங்களில் துளை அடைத்து இறங்க நேரமானால், மேல் பாத்திரத்தை மட்டும் காயவைத்து, அடிப்பக்கத்தைக் கேஸ் தீயில் ஒரு நிமிஷம் காட்டுங்கள். அடைத்த தூள் கருகி உதிர்ந்துவிடும். எங்களுடையது ஒன்பதாவது வருஷத்தில் இருக்கிறது, இதைத் தவிர ஒரு பைசா செலவு வைத்ததில்லை.

தூளை ஒரேயடியாகக் கிலோ கணக்கில் வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் போகும், ஒரு வாரத்துக்கு 400 கிராம். கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையாகப் பார்த்து, “ஃபில்டருக்கு, 85:15” என்று சொல்லி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் இறுக்கமான டப்பாவில் மாற்றிவிடுங்கள், இந்த ஊர் ஈரக்காற்று ரெண்டே நாளில் தூளைக் கட்டியாக்கிவிடும்.