கிணற்றில் இறங்கத் தனிப் பயிற்சியா?

கேள்வி: எங்கள் ஊரில் கிணற்றுக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தபோது, வந்த தீயணைப்பு வீரர்கள் உடனே குதிக்காமல் ஏதோ கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். ஏன் இந்தத் தாமதம்? (உடுமலை வாசகர்)

பதில்: அது தாமதம் இல்லைங்க, அதுதான் அவர்கள் கற்ற முதல் பாடம். காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் பாழுங்கிணற்றின் அடியில் ரொம்பக் குறைந்திருக்கலாம். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடும், அதனால்தான் காப்பாற்ற இறங்கிய அண்ணன் தம்பிகளும் அடுத்தடுத்து விழுகிறார்கள். தீயணைப்பு வீரர்கள் இறக்கியது இந்த வாயுக்களை அளக்கும் வாயுமானி.

அப்புறம் பயிற்சி. முகமூடிக் கண்ணாடியை மறைத்து, முதுகில் காற்று சிலிண்டரோடு, குறுகலான குழாய்க்குள் கயிற்றைத் தடவியபடியே தவழ்ந்து போக வைப்பார்கள். காற்று தீரப்போகும்போது சிலிண்டரின் விசில் கத்தும். அப்போது வெளியேறலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது, கால் தானாகத் திரும்ப வேண்டும். 8 வடிவ முடிச்சையும் அப்படித்தான், இருட்டில் கையுறையோடு போடும்வரை விடமாட்டார்கள். கிணற்றுக்கு மேலே மூன்று கால் தாங்கி, கப்பி, இழுக்க ஒரு கயிறு, அது அறுந்தால் தாங்க இன்னொன்று.

அடுத்த முறை யாராவது விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள், 112-ஐ அழையுங்கள்.