பழைய எம்.பி.எஃப்.ஐ. கார்கள்: குலுக்கமும் சென்சார் கோளாறும் பற்றிய கேள்வி பதில்

2010ஆம் ஆண்டுக்கு முன் வந்த எம்.பி.எஃப்.ஐ. கார்களை, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் கார்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். டீசல் வண்டிகளைப் பற்றிக் கேட்டவர்கள் டீசல் பம்ப் வேலை தெரிந்தவரிடம் போவதே நல்லது.

கேள்வி (தாம்பரம்): 2004 சான்ட்ரோ ஸிங். காலையில் நன்றாக ஓடுகிறது. சூடானபின் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) குலுங்குகிறது; கறுப்புப் புகை வருகிறது; லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 9தான் கொடுக்கிறது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை.

பதில்: மூன்றாவது சென்சார் வாங்காதீர்கள். இந்தச் சென்சார் வெப்பம் ஏற ஏற மின்தடை குறைகிற வகையைச் சேர்ந்தது. 20 டிகிரியில் ஏறத்தாழ 2,400 ஓம் இருப்பது, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா, சூடாகிவிட்டதா என்பதை இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இந்த ஓம் கணக்கை வைத்துத்தான் அறிந்து, பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு ஏறி, அது மட்டுமே 2,000 ஓம் தடையைச் சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் எப்படியும் தேவை என்பதால் வேறுபாடு தெரியாது. சூடானபின் 300 ஓம் வர வேண்டிய இடத்தில் 2,300 வருவதால், கொதிக்கிற இன்ஜினை 20 டிகிரி என்று நினைத்து இ.சி.யு. பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அனைத்தும் இதற்குப் பொருந்துகின்றன.

சென்சாரைக் கழற்றி மேசைமேல் வைத்து அளந்தால் அது சரியாகத்தான் காட்டும், ஏனென்றால் குற்றம் அதில் இல்லை. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் இ.சி.யு. பதிந்த கோளாறுக் கோட் எண்ணைப் படிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், ஓடும் இன்ஜினின் வெப்பநிலை எத்தனை டிகிரி என்று இ.சி.யு. நம்புகிறது என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் ஓடிய இன்ஜின் 20 டிகிரி என்று திரையில் வந்தால், கனெக்டரின் பின்களைச் சுத்தம் செய்து, பிடி தளர்ந்த பின்னை இறுக்கி, இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குப் போகும் எர்த் வயரையும் பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனை ஓட விடுவதும் இதே கணக்குதான் என்பதால், அதைச் சரிபார்க்கும்வரை நெரிசலில் இன்ஜினை ஓடவிட்டபடி நிற்காதீர்கள். டேஷ்போர்டு முள்ளுக்குத் தனிச் சென்சார் இருக்கலாம். அது சரியாகக் காட்டுவதால் எதுவும் நிரூபணமாகாது.

கேள்வி (வேலூர்): 2003 ஆக்சென்ட். நெடுஞ்சாலையில் திடீரென நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: இன்ஜின் சுழல்வதை இ.சி.யு.வுக்குச் சொல்லும் கிராங்க் பொசிஷன் சென்சாரை முதலில் சந்தேகப்படுங்கள். பல வண்டிகளில் அது மெல்லிய கம்பி சுற்றிய காயில். உள்ளே விரிசல் விட்ட கம்பி, சூட்டில் விரிந்து தொடர்பை அறுத்துவிட்டு, ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்ற அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். வீட்டுக்கு இழுத்து வந்தபின் பார்ப்பதில் பயனில்லை. ஸ்டார்ட்டர் சுழலும்போது பிளக்கில் பொறியும் இல்லை, இன்ஜெக்டருக்குத் துடிப்பும் இல்லை என்றால் சென்சார் பக்கம் போங்கள். பொறி இருந்து பெட்ரோல் மட்டும் வரவில்லை என்றால்தான் பம்பும் அதன் ரிலேயும் விசாரணைக்கு வருகின்றன. கை எட்டும் இடத்தில் சென்சார் இருந்தால், ஈரத்துணியை அதன்மேல் போர்த்திச் சிறிது நேரம் ஆறவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். உடனே பிடித்துக்கொண்டால் பம்புக்குச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி (திருப்பூர்): 2001 ஆல்டோவில் புளூடூத் ஸ்கேனர் இணையவே இல்லை. இ.சி.யு. போய்விட்டதா?

பதில்: இல்லை. ஓ.பி.டி. (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் வசதி) நம் நாட்டில் கட்டாயமானது 2010இல், பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிகளோடுதான். அதற்கு முந்திய வண்டிகள் பலவும் தயாரிப்பாளரின் சொந்த மொழியில் பேசுபவை. அந்த மொழி தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில்): ஐடிலில் ஆர்.பி.எம். ஏறி இறங்கி ஆடுகிறது, ஓட்டும்போது தெரிவதில்லை. எந்தச் சென்சாரை மாற்றலாம்?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம், அளக்காமல் பொருள் வாங்காதீர்கள். ஐடிலில் மட்டும் ஆடி, ஆக்சிலேட்டர் மிதித்ததும் அடங்குவது பெரும்பாலும் வேக்வம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள் புகும் கசிவு. இல்லையென்றால் ஐடில் வால்வில் கார்பன். பிரேக் பூஸ்டர் ஹோஸ் தொடங்கி ஒவ்வொரு வேக்வம் ஹோஸாக, துணி சுற்றிய பிளையரால் ஒரு கணம் நெரித்துப் பாருங்கள். எதை நெரிக்கும்போது ஆட்டம் நிற்கிறதோ அந்தப் பாதையில்தான் காற்று புகுகிறது. சூடான இன்ஜின்மேல் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிக் கண்டுபிடிக்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை, தீப்பிடிக்கும்.

கேள்வி (மதுரை): இத்தனையும் எத்தனால் செய்கிற வேலை. இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்தபின்தான் என் 2006 வேகன்ஆர் மிஸ் அடிக்கிறது (சிலிண்டரில் சில முறை எரிபொருள் எரியாமல் போகிறது). சென்சார் ஆராய்ச்சி எதற்கு?

பதில்: கணக்கைப் பார்ப்போம். சுத்தமான பெட்ரோல் எரிய, ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கே போதும். இ20 கலவைக்கு இது ஏறத்தாழ 13.5. சைலன்சர் புகையில் மீந்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒழுங்காக இருந்தால், இ.சி.யு. ஏறத்தாழ 8 சதவீதம் எரிபொருளைக் கூட்டி ஈடுசெய்துகொள்ளும். அதிலும் இ10லிருந்து இ20க்கு மாறியதால் வந்த பங்கு அதில் பாதிதான்.

மறுப்பு (கோவை): அப்படியானால் எத்தனால்மேல் பழியே இல்லை. பிரேசிலில் இதைவிட அதிகம் கலந்து பல ஆண்டுகளாக ஓட்டுகிறார்கள்.

பதில்: பிரேசில் வண்டிகள் அந்த எரிபொருளுக்கென்றே தயாரானவை, 2006இல் இங்கே விற்ற வண்டி அப்படியல்ல. இ.சி.யு.வால் கூட்டக்கூடிய அளவுக்கும் வரம்பு உண்டு. வேக்வம் லீக்கும் அடைத்த ஃபியூவல் ஃபில்டரும் ஏற்கெனவே அந்த வரம்பின் பெரும்பகுதியைத் தின்றுவிட்ட வண்டியில், எத்தனால் கேட்கும் சிறிய பங்கும் சேரும்போது கலவை மெலிந்து (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல்) மிஸ் அடிக்கும். ஆகவே மதுரைக்காரர் கண்டது உண்மை. சொன்ன காரணம் பாதிதான் உண்மை. லீக்கை அடைத்தால் அதே பெட்ரோலில் வண்டி ஒழுங்காக ஓடும்.

மீண்டும் மதுரை: ரப்பர் கெடுவதும் மைலேஜ் விழுவதும்?

பதில்: ரப்பரைப் பற்றிய கவலை நியாயமானது. இருபது ஆண்டு பழைய ஃபியூவல் ஹோஸ் வீங்கியிருந்தாலோ வெடித்திருந்தாலோ, எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸாகப் பார்த்து இன்றே மாற்றுங்கள். கசிவு என்றால் தீ விபத்து. மைலேஜைப் பொறுத்தவரை, இ10ஐ விட இ20இல் ஆற்றல் ஏறத்தாழ 3.5 சதவீதம்தான் குறைவு. மூன்றில் ஒரு பங்கு மைலேஜ் போனவர்கள் பெட்ரோல் பங்க்கைத் திட்டுவதை விட்டுவிட்டு இன்ஜினைப் பார்க்க வேண்டும். இரு தரப்பிலும் இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள்; எவரும் வண்டியில் அளந்த எண்ணைத் தராததால் இதை இத்துடன் நிறுத்துகிறேன்.

கேள்வி (சேலம்): ஆக்சிஜன் சென்சார் கோட் வருகிறது. எந்த பிராண்ட் வாங்கலாம்?

பதில்: அளந்தீர்களா? சூடான இன்ஜினில் அதன் வோல்டேஜ் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். 0.1லேயே நின்றால், முதலில் காற்று எங்கே புகுகிறது என்று தேடுங்கள். சைலன்சர் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிந்தாலும் இப்படித்தான் காட்டும். கலவை மெலிந்திருக்கிறது என்று உண்மையைச் சொன்ன சென்சாரைத் தூக்கி எறிந்தால், புதிதாக வருவதும் அதையேதான் சொல்லும்.

கேள்வி (கடலூர்): வண்டி குலுங்குகிறது. எந்தச் சென்சார்?

பதில்: நாகர்கோவில்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஈரோடு): ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. பொறி பாய இடமில்லாத உயரழுத்த மின்சாரம் காயிலையோ இ.சி.யு.வையோ பதம் பார்க்கலாம்; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கி உருக்கிவிடும். அதற்குப் பதிலாக இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ அந்தச் சிலிண்டரின் பிளக்கை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி (கரூர்): ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கலாம் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக்.

பதில்: அப்படிச் செய்தால் வோல்டேஜ் ஒரே கணத்தில் எகிறி இ.சி.யு.வை எரித்துவிடலாம். மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்து, இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டுகிறதா என்று பாருங்கள்.