அப்பாவிடம் சொல்லாத பதில்

கேள்வி: எனக்கு வயது 27. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூத்த அலுவலர் பணிக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலும் முதல் நேர்முகத்திலும் தேறி, இறுதி நேர்முகம் வரை சென்றேன். அதில் 50 நிமிடம் பேசினார்கள். ஆறு நாள் கழித்து, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. காரணம் கேட்டு மறுநாளே மனிதவளத் துறைக்கு எழுதினேன். பதில் இல்லை. ஒரு வாரம் பொறுத்து, துறைத் தலைவருக்கும் நகல் வைத்து, ‘என்னை நிராகரித்ததற்கான விளக்கத்தைப் பெற எனக்கு உரிமை உண்டு’ என்று எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. 24 நாட்கள் ஆகிவிட்டன. இரவு சாப்பிடும்போது அப்பா, ‘ஏதாவது தகவல் வந்ததா?’ என்று கேட்பார். ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். என்னிடம் உள்ள குறை எது என்று சொன்னால் திருத்திக்கொள்ள மாட்டேனா? மூன்றாவது முறை எழுதலாமா, நேரில் போய்க் கேட்கலாமா?

பதில்: மூன்றாவது கடிதம் வேண்டாம், நேரில் போகவும் வேண்டாம். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் இதுவே என் பதில். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. முடிவு தெரிந்த நாளிலிருந்து, 24 இரவுகளாக, உங்கள் அப்பா ஒரே கேள்வியைக் கேட்கிறார். நீங்கள் அவருக்குப் பொய் சொல்லிவிட்டுச் சாப்பாட்டிலிருந்து எழுந்துபோகிறீர்கள். முன்பின் தெரியாத ஒரு நிறுவனம் உங்களிடம் உண்மையை மறைக்கிறது என்று மனம் கொதிக்கிறீர்கள், தம்பி. உங்கள் வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும் மனிதரிடம் நீங்கள் செய்வது என்ன?

அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்பீர்கள். இதே காரணத்தைச் சொல்லிப் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஒருமுறைகூட நான் அதை ஏற்றுக்கொண்டதில்லை. வேலை கிடைக்கவில்லை என்ற செய்தியை ஒரு தகப்பன் தாங்கிக்கொள்வார். மகன் ஒரு மாதமாகத் தன்னை ஒதுக்கி வைத்திருந்தான் என்பதைத்தான் தாங்கமாட்டார். வெற்றியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவேன், தோல்வியை வாசலிலேயே விட்டுவிடுவேன் என்பது எனக்குத் தெரிந்து பாசம் ஆகாது. பெற்றவர்களை விருந்தாளிகளாக நடத்துவது என்றுதான் அதற்குப் பெயர்.

இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்; இங்கே அது சுருக்கப்பட்டிருக்கிறது. எந்தத் தேதியில் யாருக்கு மின்னஞ்சல் அனுப்பினீர்கள், யாருக்கு நகல் வைத்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த 50 நிமிடத்தில் அவர்கள் கேட்ட ஒரு கேள்விகூட இல்லை. நீங்கள் சொன்ன ஒரு பதில்கூட இல்லை. குறையைத் திருத்திக்கொள்ளத் துடிப்பவர் முதலில் அதைத்தானே எழுதியிருக்க வேண்டும்? உங்களுக்குத் தேவைப்படுவது திருத்தம் அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பாவிடம் நீட்டுவதற்கு, ‘இது என் தவறில்லை’ என்று சொல்லும் ஒரு காகிதம் தேவைப்படுகிறது. அது கைக்கு வந்த பிறகு வாயைத் திறக்கலாம் என்று காத்திருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். உங்கள் இரண்டாவது மின்னஞ்சலின் தொனியைப் படித்த பிறகு வேறு விதமாக என்னால் நினைக்க முடியவில்லை.

அந்தக் காகிதம் வராது. ஏன் வராது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் பல ஆண்டுகள் நானே தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் முன்னால் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். ஐந்தாறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், ஓரத்தில் குறிப்பு எழுத இரண்டு விரல் அகலத்துக்கு இடம். கடைசிச் சுற்றுக்கு வரும் நான்கு பேருமே வேலைக்குத் தகுதியானவர்கள்தாம். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே ஒரு மதிப்பெண்ணோ இரண்டு மதிப்பெண்ணோதான் வேறுபாடு இருக்கும்; ஓரத்தில் ‘நன்று’, ‘இன்னும் விளக்கியிருக்கலாம்’ என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. சில வேளைகளில் அந்தப் பணிக்கு நிறுவனத்துக்குள்ளேயே ஓர் ஊழியரை மனதில் வைத்திருப்பார்கள், மற்றவர்கள் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் முடிவு மாறாது. இவற்றில் எதையும் எழுத்தில் கொடுக்கப் பெரும்பாலான நிறுவனங்கள் அஞ்சுகின்றன. எழுதியது பாரபட்சத்துக்குச் சான்றாக நீதிமன்றத்தில் வந்து நிற்குமோ என்பது ஓர் அச்சம். காரணத்தைச் சொன்னால், அது சரியில்லை என்று விண்ணப்பதாரர் வாதாட வருவாரோ என்பது இன்னோர் அச்சம். ‘எனக்கு உரிமை உண்டு’ என்ற உங்கள் வரி இந்த இரண்டு அச்சத்தையும் உறுதி செய்துவிட்டது. அதைப் படித்த அலுவலர் பதில் எழுதத் தொடங்கியிருந்தால்கூட நிறுத்தியிருப்பார்.

உரிமை என்று எழுதியதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி, விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்டுப் பெறலாம். நேர்முகத்தின்போது எழுதிய குறிப்புகளும் அதில் அடங்கக்கூடும். அங்கேகூட, தேர்ந்தெடுக்காததற்கு உட்கார்ந்து விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று பொதுவான கட்டாயம் எதுவும் இல்லை. கருத்துக் கேட்பது ஓர் உதவியைக் கேட்பது. உதவி கேட்பவருக்கு உரிய பணிவோடு கேட்டால் சிலர் தருவார்கள்.

அடுத்த முறை அதை இப்படிக் கேளுங்கள். விண்ணப்பத்தைப் பார்த்த நிலையிலேயே மறுத்துவிட்டார்கள் என்றால் கேட்காதீர்கள். உங்களைச் சந்திக்காதவருக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. நேர்முகம் வரை போயிருந்தால், மறுப்பு வந்த ஓரிரு நாளுக்குள், உங்களைப் பற்றிய நினைவு அவர்களுக்கு மங்குவதற்குள், உங்களிடம் பேசியவருக்கே எழுதுங்கள். ‘ஏன் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை?’ என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்வி, எதிரில் இருப்பவரைத் தற்காப்புக்குத் தள்ளும். அதற்குப் பதிலாக, ‘எனக்காக நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. உங்கள் முடிவை மதிக்கிறேன். இதுபோன்ற பொறுப்புக்கு நான் இன்னும் வளர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டென்றால் அதைத் தெரிவிக்க இயலுமா? தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேச வசதிப்பட்டாலும் மகிழ்வேன்’ என்று எழுதுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும். எழுத அஞ்சுகிறவர் பேசச் சம்மதிப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர் சொல்வது நியாயமில்லை என்று பட்டாலும் குறுக்கிடாதீர்கள்; குறித்துக்கொண்டு நன்றி சொல்லி வையுங்கள். பதில் வரவில்லையா, அத்தோடு விட்டுவிடுங்கள். துறைத் தலைவருக்கு நகல் வைக்கும் வேலை இனி வேண்டாம்.

ஆனால் எந்த நிறுவனமும் தரமுடியாத ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நேர்முகம் முடிந்த அன்று மாலையே, கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். நாலு நாள் போனால் நாம் சொன்னது மறந்து, சொல்லியிருக்க வேண்டியதுதான் நினைவில் நிற்கும். எழுதியதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்போது எந்த இடத்தில் நமக்கே குரல் இறங்குகிறதோ, எந்தப் பதிலைச் சுருக்கிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறோமோ, குறை அங்கேதான் இருக்கிறது. கேட்பவருக்குக் கணக்கியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘அதற்கு நீ என்ன சொன்னாய்?’ என்று கேட்கும் பொறுமை இருந்தால் போதும். அந்தப் பொறுமையோடு ஒருவர் உங்கள் எதிரே 24 நாளாக உட்கார்ந்திருக்கிறார். முடிவே வரவில்லை என்று சொல்லிவைத்ததால், அவரோடு அந்த நேர்முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாதபடி நீங்களே வழியை அடைத்துக்கொண்டீர்கள்.

இன்றிரவு அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். மறுப்பு எந்த நாளில் வந்தது என்பதையும், இத்தனை நாள் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். தேதியை மாற்றி, நேற்றுத்தான் வந்தது என்று புதிதாக ஒரு பொய் வேண்டாம். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். சற்று நேரம் கழித்து, ‘என்னதான் கேட்டார்கள்?’ என்று அவர் கேட்பார். முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.