ஓபராவுக்குள் பாலே எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோவின் 'ஃபவுஸ்ட்' ஓபராவின் பதிவு ஒன்றை முழுவதும் பார்த்தேன். பாட்டு மனத்தைப் பிசைந்துவிட்டது. ஆனால் ஐந்தாம் அங்கத்தில், கதை முடிவை நெருங்கும் நேரத்தில், திடீரென்று பாலே. ஃபவுஸ்ட் கைவிட்ட மார்கரீத் சிறையில் கிடக்கிறாள், இங்கே ஆடிக்கொண்டிருக்கிறார்கள்! இலை ஓரத்து ஊறுகாய்போலத்தான் எனக்குப் பட்டது. ஒரு நடன அமைப்பாளர் இதில் ஏன் உழைப்பைக் கொட்டவேண்டும்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது. அது வருவதற்காகவே அந்த நடனம் அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

வழக்கத்துக்காகச் சேர்த்ததுதான், மறுக்கவில்லை. 1859-ல் 'ஃபவுஸ்ட்' முதலில் மேடையேறியபோது இந்த பாலே கிடையாது. 1869-ல் பாரிஸ் ஓபரா என்ற அரங்குக்குப் போனபோது, பாலே இல்லாமல் அங்கே பெரிய ஓபரா நடக்காது என்பதால் கூனோ ஏழு சிறு நடனங்களை எழுதினார். ஆனால் அவை வந்து உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். குழந்தையைக் கொன்றுவிட்டு மார்கரீத் மரண தண்டனைக்குக் காத்திருக்கிறாள். அவளை மறக்கடிப்பதற்காக, ஃபவுஸ்டைத் தன் பிடியில் வைத்திருக்கும் சாத்தான் மெஃபிஸ்டோ, சூனியக்காரிகள் கூடும் இரவில் பழங்காலத்து அழகிகளை ஃபவுஸ்டின் முன்னால் ஆடவிடுகிறான். கிளியோபாட்ரா வருகிறாள், ஹெலன் வருகிறாள், கடைசியில் ஃப்ரைனி. ஆட்டம் ஓய்ந்த பிறகு மார்கரீத்தின் உருவம் தோன்றுகிறது. அவள் கழுத்தைச் சுற்றி, கோடரி வெட்டிய தடம்போல, மெல்லிய சிவப்பு நாடா.

நடனம் நன்றாக அமைந்திருந்தால் அதுவரை நாமும் அவளை மறந்திருப்போம். அந்தச் சிவப்பைக் கண்டதும் ஃபவுஸ்டுக்கு வரும் நடுக்கம் நமக்கும் வரும். நடன அமைப்பாளரின் வேலை இங்கே நம்மை மறக்கவைப்பது. நீங்கள் பார்த்த பதிவில் அவளை உங்களால் மறக்க முடியவில்லை என்றால், குறை அந்த அமைப்பில் இருந்திருக்கலாம்.

1975-ல் பாரிஸ் ஓபராவின் 'ஃபவுஸ்டு'க்காக நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின் இதே இசைக்கு நடனம் அமைத்தார். 1980 முதல் நியூயார்க் சிட்டி பாலே அதைத் தனி நிகழ்ச்சியாகவே ஆடிவருகிறது. ஒரே ஒரு ஆண், மற்ற அனைவரும் பெண்கள். பேய் வேஷம் எதுவும் இல்லை. வாரி முடிந்த தலையும் அளந்துவைத்த அடியுமாகப் போகும் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், அந்தப் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு ஓடிவருகிறார்கள். சூனியக்காரிகளின் இரவு முழுவதும் அந்த அவிழ்ந்த கூந்தலில் வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் ஓபராவில் நடன அமைப்பாளருக்குக் கிடைப்பது ஒண்டுக்குடித்தனம்தான். இசை முன்பே எழுதியாயிற்று, வேகம் இசைக்குழுவை நடத்தும் கண்டக்டரின் கையில், மேடையில் பெரும்பகுதியை அலங்காரமும் கோரஸும் அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கடிக்குள்தான் 1831-ல் ஃபிலிப்போ தாலியோனி, மேயர்பேரின் ஓபராவான 'ராபர்ட் லெ தியாப்லு'க்காகக் கன்னியாஸ்திரீகளின் நடனத்தை அமைத்தார். பாழடைந்த மடம், நிலவொளி, கல்லறைகளிலிருந்து எழுந்துவரும் வெள்ளை உருவங்கள். அவர்களின் தலைவியாக அவருடைய மகள் மாரி. அடுத்த ஆண்டே தந்தை அமைக்க, மகள் 'லா சில்ஃபீட்' என்ற முழுநீள பாலேயை ஆடினாள். 'ஜிசெல்' வரை நீண்ட வெள்ளை உடை பாலேக்களின் தொடக்கம் ஓபராவுக்குள் வந்த அந்தக் காட்சிதான். ஓவியர் தெகா அதை இரண்டு முறை வரைந்தார். முன்னால் இசைக்கலைஞர்களும் ரசிகர்களின் தலைகளும், பின்னால் புகைபோல அலையும் கன்னியாஸ்திரீகள். ரசிகர்களில் ஒருவர் தொலைநோக்கியை மேடைப் பக்கம் திருப்பாமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

வெறும் ஒப்புக்குச் செய்த ஓபரா பாலேக்களும் உண்டு. வெர்டியின் 'டான் கார்லோஸி'ல் வரும் முத்து பாலேயை வெட்டினால் எனக்கு வருத்தமில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் இந்த வழக்கத்தையே வெறுத்தவர். ஆனாலும் 1861-ல் பாரிஸுக்காகத் தன் ஓபராவான 'டான்ஹாய்சரை'த் திருத்தியபோது, வீனஸின் குகையில் நடனம் இருந்தே தீரவேண்டும் என்று கண்டு அதை முதல் அங்கத்திலேயே வைத்து விரித்து எழுதினார். பாலே இரண்டாம் அங்கத்தில்தான் வரும் என்று இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு அப்போது வந்துசேரும் ஜாக்கி கிளப் என்ற மேட்டுக்குடிச் சங்கத்தின் கனவான்கள், அது முடிந்துவிட்ட கோபத்தில் விசிலடித்துக் கலாட்டா செய்தார்கள். மூன்றே மேடையேற்றங்களில் வாக்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இப்போது பல அரங்குகள் 'ஃபவுஸ்டி'ன் பாலேயை வெட்டிவிடுகின்றன. அப்படி ஒரு பதிவையும் தேடிப் பாருங்கள். அதில் மார்கரீத்தை மறப்பதற்கு ஃபவுஸ்டுக்கு நேரமே இருக்காது.