இன்குபேட்டரில் அந்த அரை டிகிரி: தெர்மாமீட்டர் கேள்வி பதில்

தெர்மாகோல் பெட்டியில் நாட்டுக்கோழி முட்டை வைத்துப் பொரிக்கிறேன். முதல் ஈட்டில் 42 முட்டை வைத்து 9 குஞ்சுதான் கிடைத்தது. பெட்டியோடு வந்த டிஸ்பிளேயை அப்படியே நம்பியதுதான் காரணம். உண்மையான சூட்டைவிட அது முக்கால் டிகிரி குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் தெர்மாமீட்டர் பற்றி யார் கேட்டாலும் விரிவாகவே சொல்லிவிடுவேன்.

கேள்வி: அக்கா, பெட்டிக்குள் மூன்று தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். 37.2, 37.9, 38.6 என்று மூன்றும் மூன்று விதமாகக் காட்டுகின்றன. எதை நம்புவது?

இப்போதைக்கு எதையுமே நம்பாதீர்கள் தம்பி. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் தெரிந்தால் அது அவ்வளவு துல்லியம் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு டிகிரி தவறாக இருக்கும் கருவியும் 37.5 என்று அழகாகக் காட்டும்.

வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறதா? இந்த வேலைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மனித உடலின் சூட்டுக்காகவே செய்தது என்பதால் 36 முதல் 41 டிகிரிக்குள் பெரும்பாலும் 0.1 டிகிரிக்கு மேல் பிசகாது. ஃபேன் உள்ள பெட்டியில் முட்டைக்கு வேண்டிய 37.5 அதற்குள்தான் வருகிறது.

வாய் அகன்ற பிளாஸ்கில் 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர் வைத்த சென்சார்களையும் கண்ணாடி தெர்மாமீட்டரையும் ரப்பர் பேண்டு போட்டு, நுனிகள் எல்லாம் ஒரே ஆழத்தில் நிற்கும்படி கட்டி உள்ளே விடுங்கள். நன்றாகக் கலக்கி இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு காய்ச்சல் தெர்மாமீட்டரை ஆன் செய்து, அதன் நுனியை மற்றவற்றின் பக்கத்தில் பிடியுங்கள். அது பீப் அடிக்கும் அந்த நொடியில் மற்றவை என்ன காட்டுகின்றன என்று எழுதுங்கள். அது தான் கண்ட அதிகபட்சச் சூட்டையே பிடித்துவைத்திருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட்டு மூன்று முறை பாருங்கள். மூன்றிலும் ஒரே வித்தியாசம் வந்தால் கவலையில்லை. "0.4 கூட்டு" என்று ஒரு டேப்பில் எழுதி அந்தக் கருவியிலேயே ஒட்டிவிடுங்கள், அது நல்ல கருவிதான். ஒரு தடவை 0.2, அடுத்த தடவை 0.9 என்று மாறினால் தூக்கிப் போடுங்கள்.

நனையக் கூடாத கடிகார வகைக் கருவியை, இப்படிச் சோதித்த சென்சாருக்குப் பக்கத்தில் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் வைத்து ஒப்பிடலாம்.

கேள்வி: ஐஸ் தண்ணீரில் 0 காட்டினால் போதும் என்கிறார்களே?

0 டிகிரியில் சரியாக இருப்பது 37.5-லும் சரியாக இருக்கும் என்று உறுதியில்லை. கொதிநீர்ச் சோதனையும் அப்படித்தான். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காய்ச்சல் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விட்டுவிடாதீர்கள். கண்ணாடி என்றால் வெடித்துவிடும்.

கேள்வி: கன்ட்ரோலரில் 37.5-தான் வைத்தேன். 19ஆம் நாள் ராத்திரியே குஞ்சுகள் வந்துவிட்டன, நாலைந்துக்குத் தொப்புள் மூடவில்லை. எங்கே தப்பு?

சூடு அதிகம். கோழிக் குஞ்சு 21 நாள் கணக்கு. முந்தி வந்து தொப்புளும் மூடாமல் இருந்தால் கன்ட்ரோலர் என்ன காட்டியிருந்தாலும் முட்டைக்கு மட்டத்தில் சூடு கூடுதலாக இருந்திருக்கிறது. குறைவாக இருந்திருந்தால் 22, 23ஆம் நாள் வரை இழுத்து, வயிறு பெருத்த சோர்ந்த குஞ்சுகள் வந்திருக்கும்.

சென்சார் எங்கே தொங்குகிறது என்று முதலில் பாருங்கள். சூடு கொடுக்கும் பல்பிலிருந்து தள்ளி, கீழ் மூலையில் கிடந்தால் அது குளிர்ந்த காற்றைப் பார்த்துவிட்டு பல்பை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். முட்டையின் உயரத்துக்கு, தட்டின் நடுவில் கொண்டுவாருங்கள். உங்கள் கன்ட்ரோலர், அதாவது பல்பை எரியவிட்டு அணைக்கும் கருவி, பலரிடம் இருக்கும் டபிள்யூ-1209 போர்டு என்றால் அதில் பி4 என்ற செட்டிங், நீங்கள் கண்டுபிடித்த வித்தியாசத்தைத் திருத்துவதற்கே இருக்கிறது. பி1-ஐயும் பாருங்கள். அது 2 டிகிரியில் இருந்தால், சூடு 2 டிகிரி இறங்கிய பிறகுதான் பல்பு மறுபடி எரியும். 0.2 அல்லது 0.3 வையுங்கள்.

கேள்வி: என் பெட்டியில் ஃபேன் இல்லை. எனக்கும் 37.5-தானா?

இல்லை. ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாகக் காற்று அடுக்கடுக்காக நிற்கும். முட்டையின் மேல்பக்க உயரத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வையுங்கள், அதாவது 101, 102 ஃபாரன்ஹீட். இரண்டு அங்குலம் ஏற்றியோ இறக்கியோ அளந்தாலே கணக்கு மாறிவிடும். முடிந்தால் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேன் மாட்டிவிடுங்கள், பாதித் தலைவலி தீரும்.

கேள்வி: கதவைத் திறந்தால் 35, மூடினால் 38.5 என்று ஆடுகிறது. கரு செத்துவிடுமா அக்கா?

பயப்படாதீர்கள். ஆடுவது காற்றின் சூடு, முட்டைக்குள் அவ்வளவு சீக்கிரம் மாறாது. சின்ன மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டு ஒரு சென்சாரை உள்ளே விட்டு முட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். முட்டை உணரும் சூடு ஏறக்குறைய அதில் தெரியும். கொஞ்ச நேரக் குளிரை முட்டை தாங்கிக்கொள்ளும், தாய்க்கோழியும் தினமும் இரைக்கு எழுந்து போகத்தானே செய்கிறது. 40-ஐத் தாண்டி மணிக்கணக்கில் நிற்பதைத்தான் தாங்காது.

கேள்வி: நெற்றியில் காட்டும் கன் தெர்மாமீட்டர் சரிப்படுமா?

வேண்டாம். நெற்றித் தோலின் சூட்டை வாங்கி, உடம்பின் சூடாகக் கணக்குப் போட்டுக் காட்டும் கருவி அது. முட்டை ஓட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: பாதரச தெர்மாமீட்டர் பெட்டிக்குள் உடைந்துவிட்டது. துடைத்துவிட்டு முட்டையைத் தொடர்ந்து வைக்கலாமா?

வைக்காதீர்கள் அண்ணா. முட்டை போனால் போகிறது. அந்தச் சூட்டில் பாதரசம் ஆவியாகும், மூச்சில் போனால் விஷம். முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கரண்டை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், சிதறி இடுக்கில் போய்விடும். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளி எடுத்து, மிச்சத்தை ஒட்டு டேப்பால் ஒற்றி, எல்லாவற்றையும் இறுக மூடும் பாட்டிலில் போடுங்கள். அந்தத் தெர்மாகோல் பெட்டியில் இனி முட்டை வைக்கவே வேண்டாம்.

அடுத்து வாங்கும்போது சிவப்பு ஆல்கஹால் தெர்மாமீட்டர் வாங்குங்கள். கடையிலேயே வெளிச்சத்தில் பிடித்து, சிவப்புக் கோடு நடுவில் எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.